கம்பியின் கணக்கு

வீட்டுக் கூரைகளின் மேல் மீன்முள்ளைப் போன்ற அலுமினியச் சட்டங்கள் வரிசையாக நின்ற காலத்தில், தொலைக்காட்சியில் படம் தெளிவாக விழவேண்டும் என்பதற்காக ஒருவர் மாடிமீது ஏறிக் குழாயைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திருப்புவதும், கீழே திரைக்கு முன் நிற்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்துப் பின்பு "போதும், நிறுத்து" என்று கட்டளையிடுவதும் ஊர்தோறும் நடந்த சாதாரணக் காட்சி. விஞ்ஞானம் என்ற பெயரை யாரும் அதற்குச் சூட்டாவிட்டாலும் அது ஒரு பரிசோதனைதான்: ஒன்றை மாற்றுவது, விளைவைக் கவனிப்பது, நன்றாயிருந்தால் அப்படியே விட்டுவிடுவது. அந்தச் சட்டத்தில் எந்தக் கம்பி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நிர்ணயித்த நிபுணர்களும் வெகுகாலம் ஏறக்குறைய இதே முறையைத்தான் கையாண்டார்கள் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாயிருக்கும். கம்பியை வெட்டினார்கள், அளந்தார்கள், மறுபடியும் வெட்டினார்கள். இந்த நிலை மாறி, கம்பியைக் கையால் தொடுவதற்கு முன்பே அதன் குணங்களைக் கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் எப்படி வந்தது என்பதும், அதனால் மனிதனுடைய வேலை குறைந்ததா அல்லது இடம் மாறியதா என்பதும் சிந்திக்கத்தக்க விஷயங்கள்.

அந்த மீன்முள் ஆன்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோக்கு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷின்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி என்னும் இருவரும் 1926-ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். 1928-இல் யாகி ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையின் மூலம் அது வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. அதிலுள்ள பல கம்பிகளில் ஒன்றுக்கு மட்டுமே மின்சக்தி ஊட்டப்படுகிறது என்பதுதான் அதன் விசேஷம். மற்றக் கம்பிகள் எந்த மின்னிணைப்பும் இல்லாமல் சும்மா நிற்பவை. ஆயினும் ஊட்டப்பட்ட கம்பியிலிருந்து புறப்படும் அலை அவற்றைத் தாக்கும்போது அவற்றிலும் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தானும் ஓர் அலையை வெளியிடுகிறது. பின்னால் சற்றே நீளமாக நிற்கும் பிரதிபலிப்புக் கம்பியின் அலை, மூல அலையைப் பின்திசையில் தேய்த்து முன்திசையில் வளர்க்கிறது. முன்னால் சற்றே குட்டையாக நிற்கும் வழிகாட்டிக் கம்பிகள் அந்த வளர்ச்சிக்கு மேலும் துணைசெய்கின்றன. நீளத்திலும் இடைவெளியிலும் உள்ள சொற்ப வித்தியாசங்களே, எல்லாத் திக்குகளிலும் சிதறக்கூடிய சக்தியை ஒரே திக்கில் திரட்டித் தருகின்றன.

இந்தச் சொற்ப வித்தியாசங்களை ஏன் முன்கூட்டியே கணக்கிட முடியவில்லை? விதிகள் தெரியாமலிருந்தன என்று சொல்வதற்கில்லை. மின்புலமும் காந்தப்புலமும் எப்படி ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1865-இலேயே சமன்பாடுகளாக வகுத்துவிட்டார். அவை வெறும் கற்பனையல்ல என்பதை ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் கார்ல்ஸ்ரூவே நகரத்துச் சோதனைச்சாலையில் பிரத்தியட்சமாக நிரூபித்தார். மெல்லிய கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் சமன்பாட்டை 1897-இல் பாக்லிங்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்தார். ஆகவே, யாகியும் உடாவும் பிரவேசிப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே, கேட்கவேண்டிய கேள்வி தாளில் எழுதப்பட்டிருந்தது. விடைதான் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் அந்யோன்யாசிரயம் என்று குறிப்பிடும் சிக்கல். கம்பியில் மின்னோட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிந்தால், அதைச் சூழ்ந்த புலத்தை எளிதில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் மின்னோட்டம் எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தப் புலந்தான். ஏனென்றால், நல்ல மின்கடத்தியான கம்பியின் மேற்பரப்பில் நீளவாக்கில் மின்புலம் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே மின்னோட்டம் தன்னை அமைத்துக்கொள்கிறது. ஒன்றை அறிய மற்றொன்று வேண்டும். மற்றொன்றை அறிய முதலாவது வேண்டும். தனிக்கம்பியாயிருந்தால், மின்னோட்டம் நடுவில் மிகுந்து நுனிகளில் பூஜ்யமாகும் ஒரு வளைவை உத்தேசமாக வைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம். பொறியியல் நூல்கள் அப்படித்தான் செய்தன. பல கம்பிகள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு நிற்கும் யாகியில் அந்த உத்தேசம் செல்லாது.

ஆகையால் அளவெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்க நாட்டின் தேசிய நியமங்கள் நிலையத்தார் விர்ஜீனியா மாகாணத்திலும் கொலராடோ மாகாணத்திலும் உள்ள திறந்தவெளிகளில் 400 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் யாகி ஆன்டெனாக்களை நிறுத்தி, கம்பிகளின் நீளத்தையும் பருமனையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி அளந்து சேகரித்த முடிவுகளைப் பீட்டர் வீஸ்பிக்கே 1976-இல் ஓர் அறிக்கையாகத் தொகுத்தளித்தார். யாகி கட்டுபவர்களுக்கு அது நெடுங்காலம் கைந்நூலாக விளங்கிற்று. போர்க்கப்பல்களின் நிலை இன்னும் சங்கடமானது. பாய்மரம் போன்ற கம்பங்களும் புகைபோக்கிகளும் பீரங்கிகளும் நெருங்கி நிற்கும் மேல்தளத்தில் ஓர் ஆன்டெனாவை எங்கே பொருத்தினால் எப்படி வேலை செய்யும் என்று கடலில் மிதக்கும் கப்பலிலேயே சோதிப்பது யாருக்குக் கட்டுப்படியாகும்? எனவே கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோவில் அமெரிக்கக் கடற்படையார் கப்பல்களைப் பித்தளையில் சிறிய உருவங்களாகச் செய்து, கப்பல் எத்தனை மடங்கு சிறுத்ததோ அத்தனை மடங்கு அதிர்வெண்ணை உயர்த்தி அளந்தார்கள். அளவு சுருங்கும் விகிதத்திலேயே அலைநீளமும் சுருங்கினால் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் பேதம் பாராட்டுவதில்லை என்ற உண்மையை அவர்கள் பயன்படுத்திக்கொண்ட யுக்தி அது.

அந்யோன்யாசிரயத்தை அவிழ்க்கும் உபாயம் கணிதத்தில் இல்லாமலில்லை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருக்குமானால், இரண்டையும் ஒருங்கே தெரியாதவையென்று வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையிலுள்ள சம்பந்தங்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் தீர்ப்பதுதான் அது. ஸிராகியூஸ் சர்வகலாசாலைப் பேராசிரியரான ரோஜர் ஹாரிங்டன் 1968-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை மின்காந்தப் பிரச்சினைகளுக்குப் பொதுவான சாதனமாக வகுத்துக் கொடுத்தார். கம்பியைப் பல சிறு துண்டுகளாக மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் ஒரு தெரியாத எண். ஒரு துண்டின் மின்னோட்டம் மற்றொரு துண்டின் மேற்பரப்பில் எவ்வளவு புலத்தை உண்டாக்கும் என்பதை, அவற்றின் நீளத்தையும் பருமனையும் தூரத்தையும் கொண்டு கணக்கிட்டுவிடலாம். எல்லாத் துண்டுகளின் பாதிப்பையும் கூட்டினால் ஒவ்வொரு துண்டின் மேலும் புலம் பூஜ்யமாக வேண்டும். மின்சக்தி ஊட்டும் இடத்தில் மட்டும் நாம் கொடுத்த மின்னழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். எத்தனை துண்டுகளோ அத்தனை சமன்பாடுகள். அத்தனையே தெரியாத எண்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்த்தோமே, அதே வித்தைதான்.

வித்தை அதேதான் என்றாலும் அளவு வேறு. மூன்று கம்பிகளைக் கொண்ட ஒரு யாகியில் ஒவ்வொன்றையும் இருபது துண்டாக்கினால் அறுபது தெரியாத எண்கள் வருகின்றன. அறுபது துண்டுகளுக்கிடையே 3,600 சம்பந்தங்களைக் கணக்கிட வேண்டும். பின்பு அறுபது சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். இவ்வளவும் ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கு. துண்டுகளை இரட்டித்தால் சம்பந்தங்கள் நான்கு மடங்காகும். தீர்க்கும் வேலை எட்டு மடங்காகும். பென்சிலும் தாளும் கொண்டு ஒருவன் ஆயுள் முழுதும் உட்கார்ந்தாலும் சில ஆன்டெனாக்களுக்கு மேல் பார்க்கமாட்டான். மாக்ஸ்வெல்லின் காலத்திலிருந்து அறிவுக்குக் குறைவிருக்கவில்லை. சலிப்பில்லாமல் பெருக்கிக் கூட்டும் ஒரு சேவகன் மட்டுமே தேவைப்பட்டான். அந்தச் சேவகன்தான் கணினி.

கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய சோதனைச்சாலையில் ஜெரால்டு பர்க், ஆண்ட்ரூ பாஜியோ என்னும் இருவர் அமெரிக்கக் கடற்படையின் ஆதரவில் உருவாக்கி 1981-இல் விரிவான விளக்கத்தோடு வெளியிட்ட நெக்-2 என்னும் நிரல் இந்தத் துறையில் ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கிவைத்தது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல் பெரிய கணினிகளுக்கென்று பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே மினிநெக் என்ற பெயரில் ஒரு சிறிய நிரல் பேஸிக் மொழியில் வெளிவந்து, மேஜைமேல் வைக்கும் கணினிகளிலும் ஆன்டெனாவைக் கணக்கிடலாம் என்று காட்டிற்று. பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம் அன்பர்கள் இதைக் கண்டு சும்மா இருப்பார்களா? ராய் லூவாலென் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் ஈஸிநெக், ஜப்பானில் பிறந்த எம்மானா, நெதர்லாந்திலிருந்து வந்த ஃபோர்நெக்-2 முதலிய மென்பொருள்கள், அந்தக் கணித யந்திரத்துக்கு எளிய முகப்பை அமைத்துச் சாமானியரின் கையில் கொடுத்தன. முன்பு கடற்படைக்கு மட்டுமே சாத்தியமாயிருந்த காரியம், கம்பியும் ஆர்வமும் உள்ள எவருக்கும் சாத்தியமாயிற்று.

அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். நம் நாட்டு ஹாம் அன்பர்கள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு மூன்று கம்பி யாகி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் நடுவில் அலைநீளம் 2.07 மீட்டர், ஊட்டும் கம்பி அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 98 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஒவ்வொரு கம்பியின் இரு நுனிகளும் வெளியில் எங்கே இருக்கின்றன, அதன் விட்டம் எவ்வளவு, எங்கே மின்சக்தி ஊட்டப்படுகிறது என்று எண்களாகக் கொடுத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்று முக்கியமான செய்திகள் திரும்பிவருகின்றன: எந்தத் திக்கில் எவ்வளவு ஆதாயம் (அதாவது தனிக்கம்பியைவிட மிகுந்த செறிவு), முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம், ஊட்டும் இடத்தில் மின்மறுப்பு (அதாவது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) எவ்வளவு. நன்றாக அமைந்த மூன்று கம்பி யாகி, முன்திசையில் தனிக்கம்பியைப் போல மூன்று நான்கு மடங்கு செறிவைத் தரும். வழிகாட்டிக் கம்பியில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டினால், அதன் இயல்பான அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் கீழே நகர்கிறது. பட்டையின் அகலமே இரண்டு மெகாஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்தால், முற்காலத்தவர் ஏன் வெட்டி வெட்டி அளந்தார்கள் என்பது விளங்கும்.

இனி, மாற்றிப் பார்க்கும் வேலையையும் கணினியிடமே விட்டுவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. நீளங்களையும் இடைவெளிகளையும் தானே ஆயிரக்கணக்கான விதங்களில் மாற்றி, மிகுந்த ஆதாயம் தரும் அமைப்பைக் கண்டுபிடி என்று அதற்கு உத்தரவிட்டால், அது சொன்ன வேலையைச் செய்யும். சொன்னதை மட்டுமே செய்யும். அது கொண்டுவரும் யாகியில் ஆதாயம் உச்சத்தில் இருக்கும். ஆனால் ஊட்டும் இடத்து மின்மறுப்பு 20 ஓம் அளவுக்கு அல்லது அதற்கும் கீழே விழுந்திருக்கும். வழக்கமான 50 ஓம் கேபிளை அப்படியே அதனோடு இணைத்தால், அனுப்பிய சக்தியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஆன்டெனாவுக்குள் புகாமலே திரும்பிவிடும். அதிர்வெண் சற்று விலகினாலோ ஆதாயமும் சரியும். இன்னும் நெருக்கமாகக் கம்பிகளை வைத்து இன்னும் மிகுந்த ஆதாயத்தைத் தேடச் சொன்னால், கம்பிகளில் பிரமாண்டமான மின்னோட்டங்கள் எதிரெதிராக ஓடி, வெளிப்படவேண்டிய சக்தி உஷ்ணமாக விரயமாகும். ஆன்டெனா சிறுத்தால் அதன் அலைப்பட்டையும் சுருங்கியே தீரும் என்பதை ஹரல்டு வீலர் 1947-இலும் லான் ஜென் சூ 1948-இலும் காட்டியிருக்கிறார்கள். அந்த எல்லையை எந்த மென்பொருளும் தாண்டியதில்லை, தாண்டவும் இயலாது.

ஆகவே அனுபவசாலிகள் கணினியிடம் ஒன்றைக் கேட்பதில்லை. பலவற்றை ஒருங்கே கேட்கிறார்கள். 144, 145, 146 என்று மூன்று அதிர்வெண்களிலும் ஆதாயம் குறையலாகாது. பின்திசைக் கசிவு இன்ன அளவுக்கு மேல் போகலாகாது. மின்மறுப்பு ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். தாங்கும் குழாயின் நீளம் இன்ன அளவுக்குள் அடங்கவேண்டும். இவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று தராசில் நிறுத்துக் கொடுப்பது மனிதனுடைய பொறுப்பு. தொலைவிலுள்ள ஒரே நிலையத்தோடு பேச விரும்புபவருக்கு ஆதாயம் பிரதானம். பின்னால் இரைச்சல் மிகுந்த நகரம் இருப்பவருக்குப் பின்திசை அடக்கமே பிரதானம். ஒரு கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் பூரணமான விடை உண்டு. நல்ல ஆன்டெனா எது என்ற கேள்விக்கு அவற்றில் விடையே கிடையாது.

கணக்கை நம்பும் விஷயத்திலும் விவேகம் வேண்டும். துண்டுகள் மிகப் பெரிதாயிருந்தால் மின்னோட்டத்தின் நெளிவுகள் அகப்படாமல் போகும். ஓர் அலைநீளத்துக்குப் பத்துத் துண்டுகளாவது, கூடுமானால் இருபதாவது வேண்டும் என்பது வழக்கு. கம்பியின் பருமனோடு ஒப்பிட மிகச் சிறிதாயிருந்தாலோ, மெல்லிய கம்பி என்ற அடிப்படை அனுமானமே குலைந்துவிடும். பருமனான குழாயிலிருந்து சட்டென்று மெல்லிய குழாய்க்கு மாறும் கம்பியை நெக்-2 சரியாகக் கணிப்பதில்லை. திரையில் குறுக்காக வெட்டிக்கொள்ளும் இரண்டு கம்பிகள் நம் கண்ணுக்கு ஒட்டியிருப்பதாகத் தோன்றும்; அந்த இடத்தில் இரண்டிலும் துண்டுகளின் முனைகள் சந்திக்காவிட்டால் நிரலுக்கு அவை ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள். நல்ல வேளையாக, பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகளும் உண்டு. துண்டுகளை இரட்டித்தும் விடை மாறாமல் நின்றால் அதை ஓரளவு நம்பலாம். சக்தி நஷ்டமில்லாத ஓர் ஆன்டெனா எல்லாத் திக்குகளிலும் வெளியிடும் சக்தியைக் கூட்டினால், நாம் ஊட்டிய சக்திக்குச் சமமாக வரவேண்டும். கொடுத்ததைவிட மிகுதியாக வெளியிடுகிறது என்று நிரல் சொன்னால், ஆன்டெனாவில் அதிசயம் ஒன்றுமில்லை, நாம் நிரலுக்கு எண்களாக விவரித்த மாதிரியில்தான் கோளாறு.

மாதிரிக்குள் நாம் வைக்க மறந்தவை தனி வகை. தரையைச் சேர்க்காத கணக்கு வான்வெளியில் மிதக்கும் ஆன்டெனாவைப் பற்றியது. தரையைச் சேர்த்தாலும், அது எத்தகைய தரை என்பதையும் சொல்லவேண்டும்: சாதாரண மண்ணைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மின்கடத்தும் தன்மை கடல்நீருக்கு உண்டு. ஆதலால் கடற்கரையில் நிற்கும் ஒரு செங்குத்துக் கம்பியும் உள்நாட்டுச் செம்மண்ணில் நிற்கும் அதன் நகலும் அடிவானத்தை நோக்கி ஒரேவிதமாக ஒலிபரப்பமாட்டா. ஊட்டும் கேபிளின் மேலுறையில் மின்னோட்டம் வழிந்து ஓடினால் கேபிளே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். நாம் சொல்லாதவரை நிரலுக்கு அது தெரியாது. கணக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் விவரித்த உலகத்தைப் பற்றி மட்டுமே அது உண்மை சொல்கிறது.

கம்பிகளைவிட்டுத் திண்மப் பொருள்களுக்கு வரும்போது வேறு முறைகள் கைகொடுக்கின்றன. கேன் யீ 1966-இல் வகுத்த முறையில், வெளி முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலமும் காந்தப்புலமும் க்ஷணத்துக்கு க்ஷணம் எப்படி மாறுகின்றன என்று படிப்படியாகக் கணக்கிடுகிறார்கள். காதருகே பிடித்த கைப்பேசியின் ஆன்டெனாவை, பிளாஸ்டிக் உறை, மின்கலம், பிடித்திருக்கும் விரல்கள், தலையின் திசுக்கள் ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்வதற்கு இத்தகைய முறை மிகவும் ஏற்றது.

கணினியின் தேடலுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாஸாவின் எஸ்.டி.-5 என்னும் மூன்று சிறு செயற்கைக்கோள்கள் சிறந்த சான்று. அவற்றுக்கேற்ற ஆன்டெனாவைக் கண்டுபிடிப்பதற்கு நாஸாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜேஸன் லோன், கிரகரி ஹார்ன்பி முதலியோர், உயிர்களின் பரிணாமத்தை ஒத்த ஒரு முறையைக் கையாண்டார்கள். தாறுமாறாக வளைந்த கம்பி அமைப்புகளைக் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினி படைத்தது. ஒவ்வொன்றையும் நெக் வகை நிரலால் மதிப்பிட்டது. தகுதி குறைந்தவற்றைத் தள்ளி, தேர்ந்தவற்றைச் சிறிதளவு மாற்றியும் ஒன்றோடொன்று கலந்தும் அடுத்த தலைமுறையை உண்டாக்கியது. பல தலைமுறைகளுக்குப் பின் மிஞ்சியது, எந்தப் பாடப்புத்தகத்திலும் காணாத வகையில் கோணல்மாணலாக முறுக்கிய ஒரு சிறு கம்பிக் கொத்து. இன்ன வளைவு இன்ன காரணத்துக்காக இருக்கிறது என்று விளக்குவது நிபுணருக்கும் கடினம்.

அத்திட்டத்தின் வரலாற்றில் கவனிக்கவேண்டிய இடம் வேறொன்று. ஆரம்பத்தில் கேட்கப்பட்டது, செயற்கைக்கோளின் உச்சியிலிருந்து 40 பாகை முதல் 80 பாகை வரை சாய்ந்த பகுதியில் ஒலிபரப்பு நன்றாயிருக்க வேண்டும் என்பது. அதற்கேற்ற ஆன்டெனாவும் கிடைத்துவிட்டது. பின்பு செயற்கைக்கோள்களைப் பூமிக்கு அருகே தாழ்ந்த பாதையில் செலுத்துவதென்று தீர்மானித்தபோது, உச்சியை நோக்கிய பகுதியும் முக்கியமாயிற்று. கிடைத்திருந்த ஆன்டெனா பயனற்றுப்போயிற்று. விஞ்ஞானிகள் தகுதியின் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்துத் தேடலை மீண்டும் தொடங்கினார்கள். ஒரு மாத காலத்துக்குள் புதிய வடிவம் வந்துவிட்டது. அதைக் கம்பியில் செய்து, எதிரொலிக்கு இடமில்லாத அறையில் அளந்து, கணக்கோடு பொருந்துகிறதென்று உறுதி செய்த பிறகே 2006-ஆம் ஆண்டு மார்ச் 22-இல் அச்செயற்கைக்கோள்கள் விண்ணில் ஏறின.

பழைய முறையில் பாதை மாறியிருந்தால், ஆன்டெனா நிபுணர் மறுபடி வெட்டி அளக்கத் தொடங்கியிருப்பார்; இங்கே அந்த உழைப்பு முழுவதும் யந்திரத்தின் தலையில் விழுந்தது. ஆனால் எந்தத் திக்கு முக்கியம் என்று சொல்வதும், சொன்னது மாறிவிட்டதென்று உணர்வதும், கணக்கு கூறியதை அளந்து பார்த்து ஒப்புக்கொள்வதும் மனிதரிடமே இருந்தன. மாடியில் நின்று குழாயைத் திருப்பியவரின் வேலையைக் கணினி வாங்கிக்கொண்டது. கீழே திரையைப் பார்த்து எது தெளிவு என்று தீர்மானித்தவரின் வேலையை அது வாங்கிக்கொள்ளவில்லை. ஆதலின் இக்கலையில் தேர விரும்பும் இளைஞர், மென்பொருளின் பொத்தான்களைப் பழகுவதோடு நின்றுவிடாமல், தமக்கு வேண்டியது இன்னதென்று எண்களில் சொல்லவும், வந்த விடையைச் சந்தேகிக்கவும், ஒரு கம்பியை வெட்டி நட்டு அளந்து பார்க்கவும் பழகுவாரானால், அந்தச் சலியாத சேவகன் அவருக்கு முழுப் பயனையும் தருவான்.